மோர்ப்பந்தலில் விலைபோன வீடு

நாங்கள் நான்கு வருடம் வாடகைக்கு இருந்த வீடு போன மே மாதம் விற்றுப்போனது. விற்றவர் வெளிநாட்டில் இருக்கிற வீட்டுக்காரர். விற்றுக் கொடுத்தவர் புரோக்கர். ஆனால் வாங்கியவர்களின் மனதைக் கரைத்தது நான். இதைச் சொன்னால், "மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா" என்று என் கணவர் அலுத்துக்கொள்வார். ஒரு வருடமாக இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். துணி மடிக்கும்போது, மகளைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது, அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாமே என்று மனம் ஓடும். முதலில் என்மேல் கோபம் வரும். பிறகு, என்மேல் மட்டும் எதற்கு என்று மற்றவர்கள்மேல் வரும்.

புதுக்கோட்டையில் பைபாஸைத் தாண்டி எந்தப் பக்கம் போனாலும் இப்போது ஒரு வரவேற்பு வளைவு நிற்கிறது. அதற்குப் பின்னால் செம்மண் ரோடு, கலர் அடித்த கல், காற்றில் கிழிந்த கொடி. எங்கள் நகரும் அப்படிப்பட்டதுதான். தைலமரக் காடாகக் கிடந்த இடத்தை அழித்து மனை போட்டவர், அதற்குத் தன் மகள் பெயரை வைத்திருந்தார். எங்கள் தெருவில் பதினான்கு வீடுகள். அதில் ஆறு வீட்டில் ஆளே கிடையாது. சிங்கப்பூரிலும் துபாயிலும் சென்னையிலும் இருக்கிறவர்கள் கட்டி, பால் காய்ச்சி, பூட்டிவிட்டுப் போனவை. கேட்டில் 'நாய் ஜாக்கிரதை' என்று போர்டு தொங்கும். உள்ளே நாயும் இருக்காது. ஆள் இருக்கும் எட்டு வீடும் வாடகை வீடுகள். அதில் ஒன்று எங்களுடையது.

என் கணவருக்குக் குளத்தூரில் வேலை, தினமும் பைக்கில் போய்வருவார். நான் எம்.எஸ்சி., பி.எட். முடித்து, ஒரு தனியார் பள்ளியில் இருந்து, மகள் பிறந்ததும் வேலையை விட்டவள். விட்டு ஆறு வருடம் ஆகியும் தெருவில் என் பெயர் டீச்சர்தான். மகளுக்கு வீசிங் உண்டு. இதற்குமுன் இருந்த வீடு ஊருக்குள், ஒரு அரிசி ஆலைக்குப் பின்னால். வாரத்தில் இரண்டு நாளாவது அவள் முகத்தில் நெபுலைசர் மாஸ்க் இருக்கும். இந்த வீட்டுக்கு வந்த ஆறாவது மாதம் அந்த மெஷினைத் துடைத்துப் பரண்மேல் வைத்தேன். அதிலிருந்து எனக்கு இருந்த ஒரே வேண்டுதல், இந்த வீட்டைவிட்டு எங்கும் போகக்கூடாது என்பதுதான்.

முதல் கோடையில் தெருவில் ஒருவரும் ஒருவரோடும் பேசவில்லை. எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு ஏர் கூலருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம். இரண்டாவது கோடையில் நுங்கு விற்கிற ஒரு அம்மா எதிர்வீட்டு கேட்டில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். கண் செருகிவிட்டது. எதிர்வீட்டு அக்காதான் தண்ணீர் தெளித்து எழுப்பினார். அக்காவின் வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறார். இரண்டு பையன்களை வைத்துக்கொண்டு அவரும் வாடகைக்குத்தான் இருக்கிறார். அன்று சாயங்காலமே எட்டு வீட்டுக்கும் வந்து, "இலுப்பூர் பஸ்ஸ விட்டு எறங்குற சனமெல்லாம் நம்ம தெரு வழியாத்தான் நடந்து போகுது. ஒரு பானை மோர் வைக்க மாட்டமா? ஆளுக்கு ஒருநாள்" என்றார்.

எங்கள் வீட்டுக்கும் அடுத்திருந்த காலி மனைக்கும் நடுவில் ஒரு வேப்பமரம் நின்றது. அதன் கீழ் நாலு மூங்கில் நட்டு, கீற்றுப் போட்டு, மண்பானையை ஈரமணல்மேல் வைத்தோம். கறிவேப்பிலை, இஞ்சி, பச்சைமிளகாய், பெருங்காயம். நான் மட்டும் தண்ணீரைக் காய்ச்சி, ஆற்றி, வடிகட்டித்தான் மோர் கலப்பேன். டம்ளர்களையும் வெந்நீரில் போட்டு எடுப்பேன். "டீச்சர் மொறைக்கு மோர் இல்ல, மருந்துதான் வரும். வெறும் வயித்துல குடிக்கலாமான்னு கேட்டுக்கங்க" என்று அக்கா போகிறவர்களிடம் சொல்லுவார்.

பானைக்குக் காவல் வேண்டும் என்று ஒரு நாற்காலி வந்தது. பிறகு நாலு. வெயில் தாழ்ந்ததும் பிள்ளைகள் காலி மனைக்கு வந்தார்கள். அவர்களுக்காகப் புதரை வெட்டினோம். தெருவிளக்கு எரியவில்லை என்று நான் மனு எழுதினேன், எட்டு பேரும் போய்க் கொடுத்துவிட்டு வந்தோம். மூன்றாவது கோடையில் எங்கள் தெருவில் லீவு நாள் சாயங்காலம் என்றால் கேரம் போர்டு, ஷட்டில், யாராவது ஒரு வீட்டிலிருந்து அவித்த கடலை, யாராவது ஒரு பிள்ளையின் அழுகை. பூட்டிய ஆறு வீட்டுக்காரர்களில் ஒருவர்கூட ஒரு டம்ளர் எடுத்து வைத்ததில்லை. எதற்கு இதைச் சொல்கிறேன் என்றால், அந்தத் தெருவைத் தெருவாக ஆக்கியது அங்கே ஒரு செங்கல்கூடச் சொந்தமில்லாத நாங்கள்.

போன வருடம் ஏப்ரலில் வீட்டுக்காரர் போன் செய்தார். வழக்கமாக வருடத்துக்கு ஒருமுறை, வாடகையை ஏற்றும்போது மட்டும்தான் பேசுவார். "வீட்டைப் பாக்கணும்போல இருக்கும்மா. நாலு போட்டோ எடுத்து அனுப்புறீங்களா?" என்றார். பாவம், எங்கோ இருந்துகொண்டு தான் கட்டின வீட்டை நினைக்கிறாரே என்று எனக்கு மனசு இளகிவிட்டது. ஒருநாள் முழுக்கத் துடைத்தேன். காலை வெளிச்சம் கூடத்தில் விழும்வரை காத்திருந்து எடுத்தேன். சமையல்மேடையில் இருந்த டப்பாக்களையெல்லாம் எடுத்து ஒளித்தேன். மொட்டைமாடியில் நானும் என் கணவரும் சூடு தெரியாமலிருக்கச் சுண்ணாம்பில் பசை கலந்து எங்கள் கையாலேயே அடித்த வெள்ளையையும் எடுத்து அனுப்பினேன். "சூப்பர்மா" என்று பதில் வந்தது. எனக்குச் சந்தோஷம்.

அக்னி நட்சத்திரம் தொடங்கிய வாரம் அது. என் முறை. நாலு மணிக்கு ஒரு கார் வந்து பந்தலை ஒட்டி நின்றது. புரோக்கர் இறங்கினார். எங்கள் பக்கம் மனை பார்க்க வருகிறவர்களோடு அடிக்கடி தட்டுப்படுகிறவர்தான். பின்னால் ஐம்பதை நெருங்கிய ஒரு கணவனும் மனைவியும்.

"தங்கச்சி, மூணு மோர் குடுங்க. திருச்சியிலேருந்து வந்திருக்காங்க, வாடிப்போய்ட்டாங்க."

"எடம் பாக்கவா அண்ணே?"

"ஆமா, இங்கிட்டுத்தான்" என்று காலி மனைப் பக்கமாகத் தலையை ஆட்டினார்.

அந்த அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, "தண்ணி எப்படிங்க இங்க?" என்று கேட்டார்.

கேட்டவருக்குச் சரியாகப் பதில் சொல்லவேண்டும் என்பது எனக்குச் சின்ன வயதிலிருந்து இருக்கிற வியாதி. "நல்ல தண்ணிங்க. போர் போட்ட தண்ணி, எந்தக் கோடையிலயும் கீழ போனதில்ல. இந்த மோரே அந்தத் தண்ணிதான்" என்றேன்.

"பாம்பு கீம்பு?"

"முன்னாடி ஒரு சாரைப்பாம்பு சுத்திச்சு. எல்லாரும் சேந்து புதரை வெட்டிட்டோம், அப்புறம் காணோம்."

"ஆளுங்க?"

"ஒரு வீட்ல ஒன்னுன்னா எட்டு வீடும் ஓடிவருவோம்."

பெருமையாகத்தான் சொன்னேன். பக்கத்து மனையில் நல்ல மனிதர்கள் வீடு கட்டி வந்தால் நமக்கும் துணைதானே என்று கணக்குப் போட்டேன். அப்போது புரோக்கர் பக்கத்தில் வந்து, "அந்த அம்மாவுக்கு பாத்ரூம் போகணுமாம், ஒங்க வீட்ல கொஞ்சம்..." என்று இழுத்தார். ஒரு பெண்ணுக்கு இதை மறுக்க முடியுமா? கூட்டிக்கொண்டு போனேன். அந்த அம்மா திரும்பி வரும்போது சமையலறையில் நின்று, "காத்து நல்லா வருதே" என்றார். ஆமாம் என்று ஜன்னலை இன்னும் திறந்து காட்டினேன். பரண் எவ்வளவு ஆழம் என்று கேட்டார். அதையும் காட்டினேன். என் மகள் வேறு அவர் கையைப் பிடித்து, "எங்க மாடியில காலே சுடாது ஆன்ட்டி, வாங்க" என்று மேலே இழுத்துக்கொண்டு போனாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நாலு எட்டு நடந்து பார்த்தார். "அட, ஆமா" என்றார். இறங்கும்போது என் மகளின் கன்னத்தைத் தட்டிக் கொடுத்தார்.

மூன்றாம் நாள் அக்கா போனை நீட்டிக்கொண்டு வந்தார். "டீச்சர், இந்தா பாரேன். புரோக்கர் ஸ்டேட்டஸ் வச்சிருக்காரு. ஒன் வீடு மாதிரியே ஒரு வீடு வெலைக்கு வந்திருக்கு."

கிழக்குப் பார்த்த வாசல், வற்றாத போர், நல்ல குடும்பங்கள் வசிக்கும் ஏரியா. கீழே நான் எடுத்த போட்டோக்கள். வாசல் படத்தில் படிக்கட்டு ஓரமாக மகளின் ரோஸ் நிறச் செருப்பு, ஒன்று கவிழ்ந்து கிடந்தது.

"மாதிரி இல்லக்கா" என்றேன். "எங்க வீடுதான்."

அக்கா போனைத் திரும்ப வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். "அடப்பாவி மனுசா" என்றார். யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை. வீட்டுக்காரர், புரோக்கர் இரண்டு பேருக்கும் பொருந்தும்.

அன்றைக்கே வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். அவர் கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை. "சொல்லலாம்னுதாம்மா இருந்தேன். ஒரு பார்ட்டி கிட்டத்தட்ட முடிஞ்சிருச்சு. ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள வேற எடம் பாத்துக்கங்க. வீட்டை நல்லா வச்சிருந்தீங்க, அதனாலதான் நல்ல வெலைக்குப் போகுது. ரொம்ப தேங்க்ஸ்மா."

நான் என்ன சொன்னேன்? "பரவாயில்ல சார்" என்றேன். ஆமாம், அதைத்தான் சொன்னேன். போனை வைத்தபிறகு அந்த இரண்டு வார்த்தையை நினைத்து நினைத்து எனக்கு உடம்பே எரிந்தது. நாங்களே வாங்க முடியுமா என்று என் கணவர் ஒரு வார்த்தை கேட்டுப் பார்த்தார். வீட்டுக்காரர் சொன்ன விலையைக் கேட்டுவிட்டு வந்து, சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

அந்தப் பார்ட்டி, அன்றைக்கு என் மோரைக் குடித்த திருச்சிக்காரர்கள்தான். முன்பணம் கொடுக்குமுன் அவர்கள் ஞாயிற்றுக்கிழமை இன்னொரு தடவை வரப்போவதாகச் செய்தி வந்தது. அக்கா பந்தலில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். "வரட்டும். நான் பேசிக்கிறேன். நீ வாயத் தொறக்காத. ஒனக்குப் பொய் வராது, மூஞ்சியிலயே மார்க் ஷீட் ஒட்டியிருக்கும்."

வந்தார்கள். அக்கா மோரை நீட்டிக்கொண்டே ஆரம்பித்தார். "வாங்க வாங்க. பாத்து கால வைங்க. நேத்துகூட ஒரு நல்லபாம்பு, இந்தத் தண்டி, கேட்டு மேலயே படுத்துக்கிடந்துச்சு."

அந்தக் கணவர் என்னைப் பார்த்தார். "சாரைதான்னு இந்த மேடம் சொன்னாங்களே?"

"அது அவுக வீட்டுக்கு வாறது சார். எங்க வீட்டுக்கு வாறது நல்லது."

பின்னால் நின்ற தெருக்காரர் இரண்டு பேர் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார்கள். அக்கா விடவில்லை. "தண்ணியும் முன்ன மாதிரி இல்ல. இந்த வருசம் உப்பாயிருச்சு."

அந்த அம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "நீங்க சொல்லுங்கம்மா. அன்னைக்கு நீங்க சொன்னப்புறம்தான் எனக்கு இந்த வீட்டு மேல மனசே வந்துச்சு" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அக்காவின் கண் என்னை மிரட்டியது. ஒரே ஒரு பொய். மகளின் மூச்சுக்காக ஒரு பொய் சொல்லக்கூடாதா? இன்றைக்கும் இந்தக் கேள்விக்கு எனக்கு விடை தெரியவில்லை. ஆனால் என் வாயிலிருந்து வந்தது வேறு.

"தண்ணி நல்ல தண்ணிதாங்க. நான் சொன்னது எல்லாமே நெசம். ஆனா நீங்க பாக்க வந்தது நாங்க இருக்கற வீட்டைன்னு எனக்குத் தெரியாது. என் பிள்ளைக்கு வீசிங். இங்க வந்தப்புறம்தான் ஒழுங்கா மூச்சு விடுறா. நீங்க வாங்கிக்கங்க. நாங்க இப்படியே வாடகைக்கு இருந்துக்கிறோம். வீட்டை எப்படி வச்சிருக்கோம்னு நீங்களே பாத்தீங்க."

அந்த அம்மா புரோக்கரைத் திரும்பிப் பார்த்தார். "அவங்களா காலி பண்றாங்கன்னுல்ல சொன்னீங்க?" புரோக்கர் போனில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

அவருடைய கணவர்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினார். "வாடகைக்கு விடற ஐடியா இல்லம்மா. ரிட்டயர் ஆக எனக்கு இன்னும் ஒன்பது வருஷம் இருக்கு. அதுவரைக்கும் பூட்டிப் போட்டாத்தான் வீடு வீடா இருக்கும். ஆள் பொழங்குனா கெட்டுப்போயிரும்."

அந்த அம்மா என் கையைத் தொட்டு, ஆறுதலாகச் சொல்வதுபோல, "தெரு கலகலன்னு இருக்கும்மா. அதான் எனக்குப் பிடிச்சுப்போச்சு. நாங்க வர்றப்ப பேச்சுத்துணைக்கு நீங்கள்லாம் இருப்பீங்கல்ல" என்றார்.

சொல்லவேண்டியது எல்லாம் அவர்கள் போனபிறகுதான் எனக்கு வந்தது. கலகலப்பு என்ன காம்பவுண்டுச் சுவரா, பத்திரத்தோடு சேர்த்து எழுதிக் கொடுப்பதற்கு? எங்களைக் காலிசெய்துவிட்டு, எங்கள் பேச்சுச் சத்தத்துக்கு விலை கொடுக்கிறீர்களே, இது என்ன நியாயம்? ஒன்பது வருடம் ஒரு வீடு காற்றில்லாமல், வெளிச்சமில்லாமல், கரையான் ஏறிக் கிடக்கலாம். ஒரு பிள்ளை அதில் மூச்சு விட்டால் கெட்டுப்போகுமா? இப்படியே ஒவ்வொரு வீடாகப் பிடித்ததால் வாங்கி, வாங்கியதால் பூட்டிக்கொண்டே போனால், ஒன்பது வருடம் கழித்து இவர்களுக்கு மோர் கொடுக்க அந்தத் தெருவில் யார் இருப்பார்கள்?

அந்த மே மாதத்தின் மீதி நாளெல்லாம் வீடு தேடினோம். நகருக்கு நகர் பூட்டிய வீடுகள், கேட்டில் துருப்பிடித்த பூட்டுகள், உள்ளே சருகு. போன் நம்பர் கண்டுபிடித்துக் கேட்டால், "வாடகைக்கு விடறதில்லைங்க." விடுகிறவர்கள் கேட்ட கேள்விகளை நான் மறக்க மாட்டேன். நீங்க என்ன ஆளுங்க? கவிச்சி சமைப்பீங்களா? பிள்ளை சுவத்துல கிறுக்குமா? சொந்தக்காரங்க வந்து தங்குவாங்களா? ஒரு அம்மா என் மகளிடம் குனிந்து, "பாப்பா இருமுறியே, ஒட்டுற வியாதியா?" என்று கேட்டார். என் கணவர் அந்த இடத்திலேயே பைக்கைத் திருப்பினார். நான்தான், "வேற வழியில்லைங்க, இன்னொரு தடவை பேசிப் பாப்போமா" என்று கேட்டு அவரிடம் திட்டு வாங்கினேன்.

கடைசியில் பள்ளி திறக்க மூன்று நாள் இருக்கும்போது, அதே நகரில் மெயின் ரோட்டை ஒட்டி ஒரு மாடி வீடு கிடைத்தது. ஜன்னலைத் திறந்தால் ஜல்லி ஏற்றிய லாரிகளின் புழுதி. மூடினால் அனல். மொட்டைமாடிக்கு வெள்ளை அடிக்கலாமா என்று என் கணவர் கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நெபுலைசர் பரணிலிருந்து இறங்கிவிட்டது. இரண்டாம் வகுப்புப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, மாஸ்க்கோடு என் மகள் சத்தமில்லாமல் வாசிக்கிறாள். கண் மட்டும் வரிகளில் ஓடும்.

பழைய வீட்டில் இப்போது இரண்டு போர்டுகள். ஒன்று நாய் ஜாக்கிரதை. இன்னொன்று, 'இந்த வீடு விற்பனைக்கு அல்ல'. வாங்கியவர்கள் பால் காய்ச்சிய அன்று வந்ததோடு சரி.

இந்த வருடமும் சித்திரை பிறந்ததும் அக்கா போன் செய்தார். "ஒன் மொறை வெள்ளிக்கிழமை. தண்ணியக் காச்சி ஆத்தி எடுத்துக்கிட்டு வந்துரு."

"நான்தான் இப்ப அந்தத் தெருவுல இல்லையேக்கா."

"மோருக்கென்ன, வீட்டுவரி ரசீது கேக்கவா போறாங்க? வா."

போனேன். நாலரை மணிக்குப் புரோக்கர் வந்தார். கூட வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர். தெருக்கோடியில் இன்னொரு வாடகைக் குடும்பம் இருக்கும் வீட்டைப் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று அக்கா முன்பே சொல்லியிருந்தார். புரோக்கர் ஒன்றுமே நடக்காததுபோல, "தங்கச்சி, சார்ட்ட தண்ணியப் பத்தி சொல்லுங்க. நீங்க சொன்னா கரெக்டா இருக்கும்" என்றார்.

டம்ளர் நிறைய மோரை ஊற்றி வெள்ளைச் சட்டைக்காரர் கையில் கொடுத்தேன். "சார், குடி வரப்போறீங்களா, பூட்டி வைக்கவா?"

அவர் சிரித்தார். "சும்மா ஒரு இன்வெஸ்ட்மென்ட்தாம்மா."

"அப்ப தண்ணி எப்படி இருந்தா ஒங்களுக்கு என்ன சார்? குடிக்கப்போறது யாரு?"

அக்கா வாய்விட்டுச் சிரித்துவிட்டார். வெள்ளைச் சட்டைக்காரர் முகம் சுருங்கி, பாதி மோரோடு டம்ளரை வைத்துவிட்டுக் காருக்கு நடந்தார். "டீச்சர், நீங்களா இப்படிப் பேசறது?" என்று புரோக்கர் அவர் பின்னால் ஓடினார். நான் இல்லாத நாட்களிலும் 'குடி வரவா, பூட்டி வைக்கவா' என்று கேட்டுவிட்டுத்தான் பதில் சொல்லவேண்டும் என்று எல்லோரும் பேசி வைத்துக்கொண்டோம். மோர் யார் வந்தாலும் உண்டு. தெருவைப் பற்றின பதில் குடி வருகிறவர்களுக்கு மட்டும்.

அந்த டம்ளரை வெந்நீரில் போடும்போது மனது உறுத்தியது. வெயிலில் வந்தவர், தாகத்தோடு போயிருப்பாரோ? இன்னும் கொஞ்சம் தன்மையாகக் கேட்டிருக்கலாமோ? வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதே யோசனை. ஆனாலும் அடுத்த வெள்ளிக்கிழமை அவர் வந்தால் மறுபடி டம்ளர் நிறைய ஊற்றிக் கொடுத்துவிட்டு, இதே கேள்வியைத்தான் கேட்பேன்.